மூன்று முறை அழைக்கப்பட்ட மலை

தர்மிளாவின் கல்யாண வீடியோவில் கூடைமலை நாளுக்கு ஒரு முழம் முன்னால் வந்துகொண்டிருந்தது. வெளியே அது இருந்த இடத்தில்தான் இருந்தது. மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் முடக்கிலிருந்து இன்னும் வெகுதூரம் நடந்து ஏற வேண்டிய தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த மாதம் தேங்காய் என்ன விலைக்கு விற்றது என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருப்பதால் அதற்குக் கூடைமலை என்று பெயர். அதன் அடியில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு பழைய லயம். லயத்தின் கோடியில் அதிகாரிகள் நட்டுவிட்டுப் போன மண்சரிவு அபாயப் பலகை. பலகைக்கும் கூரைக்கும் இடையில் கயிறு கட்டி ஜனங்கள் துணி காயப்போட்டிருந்தார்கள். புது வீடு தருகிறோம் என்று சொன்னவர்கள் பலகையை மட்டும் தந்துவிட்டுப் போனதால், அதை ஏதாவது ஒரு காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டாமா?

தர்மிளா அந்த லயத்தில் பிறந்தவள். பதுளை டவுனில் ஜொனியின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது அவள் வேலை. வேலையில் கெட்டிக்காரி. மழை மூடிய வானத்தை நீலமாக்குவாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைப் பாட்டு மாறும் இடத்தில் சத்தமில்லாமல் வெட்டிவிடுவாள். ஊவா மாகாணத்தில் பாதிப் பேருடைய கல்யாணம் நடந்தது ஒரு மாதிரி, அவள் கையில் ஆனது வேறு மாதிரி. அவளைக் கட்டிக்கொள்ள இருந்த ஆரூரன் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சொந்தம் முழுக்க டொரொண்டோவில். வீடியோவை அவர்கள் பார்ப்பார்கள். லயத்துப் பிள்ளை என்று யாரும் உதட்டைச் சுழிக்கக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. தேயிலைக்குள் மஞ்சள் வெயில், பனிக்குள் மாப்பிள்ளை, கூடைமலைக்கு மேலே டிரோன் என்று ஒவ்வொரு காட்சியையும் அவளே திட்டம் போட்டாள். தகரக் கூரை எந்த இடத்திலும் தெரியக் கூடாது என்று ஜொனிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வினை வந்தது முதல் பத்திரிகையில். மேல் டிவிசனில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை மலையடியில் இருக்கும் சாமிக்கல்லுக்குத்தான். வெற்றிலை பாக்கோடு அதை வைத்து, பெண்ணைப் பெற்றவர் ஒரே ஒரு தடவை, வாய்க்குள்ளேயே, "இருந்த எடத்துல இருந்தே வாழ்த்துங்க சாமி" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தர்மிளாவின் அப்பா முத்துக்கருப்பனும் அப்படித்தான் செய்தார். கேமராவில் அது ஒன்றுமே இல்லாமல் இருந்தது. உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை. அதனால் அவள் அப்பாவுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தாள். மனுசர் மகளுக்காக மலையைப் பார்த்து நிமிர்ந்து நின்று, கை கூப்பி, உரக்கச் சொன்னார்: "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துருங்க சாமி. நீங்க வந்தாத்தான் தாலி கட்டுவோம்." முதல் தடவை சட்டைக் காலர் மடங்கியிருந்தது. இரண்டாம் தடவை நாய் குறுக்கே ஓடியது. மூன்றாம் தடவை அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. ஜொனி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். மூன்று தடவை வருந்திக் கூப்பிட்ட பிறகு எந்தச் சொந்தக்காரர்தான் வராமல் இருப்பார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் அந்தக் காட்சியைத் திறந்தபோது சாமிக்கல் இல்லை. அது இருந்த இடத்தில் மலை இருந்தது. கோணம் மாறிவிட்டதோ என்று நினைத்தாள். அதற்கடுத்த நாள் அப்பாவுக்குப் பின்னாலிருந்த முருங்கை மரத்தைக் காணவில்லை. அதற்கும் அடுத்த நாள் மலை அப்பாவின் தோளுக்குப் பின்னாலேயே நின்றது, பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி. அவள் ஜொனியைக் கூப்பிட்டாள். ஜொனி வந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். "தங்கச்சி, நான் கேமராவ அசைக்கவே இல்ல, சத்தியமா" என்றான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் காட்சியை அழித்தார்கள். அப்போதுதான் விஷயம் இன்னும் மோசமானது. கூடைமலை மற்றவர்களின் கல்யாணங்களில் வந்து நிற்க ஆரம்பித்தது. பண்டாரவளை ஜோடி ஒன்று கேக் வெட்டும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றது. பசறையில் நடந்த ஒரு வரவேற்பில் வாசல் வாழைமரத்துக்குப் பின்னால் நின்றது. விலாசம் தொலைந்த விருந்தாளி வீடு வீடாக எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் குப்பைத் தொட்டியிலிருந்து காட்சியை மீட்டு அதன் இடத்தில் வைத்தாள். மலையும் மற்ற வீடுகளை விட்டுவிட்டுத் தன் வழிக்குத் திரும்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை லயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். ஆமா, வருது என்றார்கள். கோழிக்கூட்டை இடம் மாற்ற வேண்டுமா என்று ஒருத்தர் கேட்டார். தர்மிளா அழுதுகொண்டே, எல்லோரும் லயத்தை விட்டுப் போய்விடலாம் என்றாள். அதற்கு மட்டும் ஒருவரும் அசையவில்லை. முன்பு ஒரு பெருமழைக்கு அவர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது கோழியும் இல்லை, கதவுக் கொண்டியும் இல்லை. வெளியேறிவிட்டால் இந்த ஒற்றை அறைக் காம்பராவும் தங்களுக்கு இல்லாமல் போகும் என்று பயந்தார்கள். மலைக்குப் பயப்படாதவர்கள் இல்லை. ஆனால் மலையைவிடப் பயப்பட வேண்டிய காரியங்கள் அவர்களுக்கு நிறைய இருந்தன.

முத்துக்கருப்பன் மகளைத் திட்டவில்லை. "கூப்புட்டாச்சு தாயி. இனிமே வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். ஆரூரன் விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போனான். படித்தவன்தான், ஆனால் திரையில் பார்த்த பிறகு படிப்பு என்ன செய்யும்? "நீர் யோசிக்காதையும். பதுளையில கலியாண ஹோல் எடுத்து அங்கையே வைப்பம். உங்கட அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றான். அன்றிரவு முழுக்க அந்த வார்த்தை அவளை இழுத்தது. ஒரு வேன் பிடித்தால் போதும், அவளுக்கும் அப்பா அம்மாவுக்கும் உயிர் மிஞ்சும். ஆனால் பதுளைக்கு லயமே திரண்டு வராது. பாதிப் பேர் அன்றைக் கூலிக்குப் பேர் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவார்கள், மீதிப் பேர் வீட்டில் கிடப்பார்கள், கூப்பிட்ட விருந்தாளி கூப்பிட்ட வீட்டுக்கு வந்து சேரும். மூன்று தடவை சொல்ல வைத்தது அவள். ஹோலில் உட்கார்ந்து தாலி வாங்கிக்கொண்டு, இங்கே என்ன ஆயிற்று என்று ஃபோனில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவளால் முடியாது.

மலைக்குப் பயந்து வெளியேறாதவர்கள் கல்யாணத்துக்கு வெளியேறுவார்கள். இது விடியற்காலையில் தேநீர் ஊற்றும்போதுதான் அவளுக்குப் பட்டது. கல்யாணத்தை ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினாள். இடம் மாறினால் அழைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது முறை; முத்துக்கருப்பன் போய் மலைக்கும் சொன்னார், இந்தத் தடவை கேமரா இல்லாமல். ஆனால் மலை மைதானத்துக்கு வர வேண்டுமானால் லயம்தான் வழி. அதனால் லயத்தில் ஒரு குஞ்சு குளுவான் இல்லாமல் எல்லோரும் வந்தாக வேண்டும். அவள் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தாள். பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளுக்கும் வைத்தாள். எல்லா முகமும் வீடியோவில் வரும், டொரொண்டோவில் பார்ப்பார்கள் என்று ஆசை காட்டினாள். விருந்தாளி ஓடையைத் தாண்ட வேண்டிய அவசியம் வராமல் இருக்க, லயத்துப் பக்கக் கரையிலேயே ஒரு புது ஜமுக்காளம் விரித்து, சந்தனமும் பன்னீர்ச் செம்பும் வைக்கச் சொன்னாள். ஆரூரனின் தாய் அந்த ஜமுக்காளத்தைப் பார்த்து முகத்தைச் சுழித்தார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டதைவிட அது நல்ல ஜமுக்காளம்.

கல்யாணத்தன்று மழை இல்லை, காற்று இல்லை, ஒரு காக்கைகூட இல்லை. காலையிலிருந்து லயம் காலியாகிக்கொண்டே வந்தது. படுக்கையில் கிடந்தவரைக் கதிரையில் உட்காரவைத்து அப்படியே தூக்கி வந்தார்கள். கோழிகளும் ஆடும் எப்போதோ தாமாகவே ஓடையைத் தாண்டி வந்துவிட்டிருந்தன. மணவறையில் உட்கார்ந்தபடி தர்மிளா ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பல வருடமாகச் செய்த வேலை அது; யார் எந்தக் காட்சியில் இல்லை என்று அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அப்பாவின் அக்கா பேச்சாயி இல்லை. புருசனை இழந்தவள் தாலி கட்டும் நேரத்தில் எதிரே நிற்கக் கூடாது என்பது அங்கே பழக்கம். கட்டி முடிந்த பிறகு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எல்லாவற்றையும் திட்டம் போட்டவள் இதை மறந்துவிட்டாள். ஜொனி கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரையை அவள் பக்கம் திருப்பினான். அதில் மலை லயத்தின் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

நேரம் போகிறது, தாலியை எடுங்கோ என்றார் ஐயர். தர்மிளா எழுந்தாள். மாலையோடு, கூறைச் சேலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் ஐயோ ஐயோ என்று கத்தக் கத்த ஓடைக்குக் குறுக்கே கிடந்த பலகைப் பாலத்தைத் தாண்டி ஓடினாள். மணவறையிலிருந்து பெண் இறங்கிப் போனதை மேல் டிவிசன் அதற்கு முன் பார்த்ததில்லை. லயத்து வாசலில் பச்சை மண் வாசனை மூக்கை அடைத்தது. சாக்கடைக் கானில் தண்ணீர் ஓடாமல் நின்றிருந்தது. காலுக்குக் கீழே தரை உறுமியது. திரும்பி ஓடிவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. கடைசிக் காம்பராவில் பேச்சாயி கதவைச் சாத்திக்கொண்டு, புதுச் சேலை உடுத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அடி பாவி, ஏண்டி எறங்கி வந்த? நான் எதிர்ல நின்னா ஒனக்கு ஆகாதுடி."

"நீங்க நிக்காட்டி எனக்குக் கல்யாணமே இல்லத்த. வாங்க, கால்ல விழுறேன், வாங்க."

"ஒன் மாமியாக்காரி என்ன சொல்லுவா?"

"என்னமும் சொல்லட்டும். எந்திரிங்கத்த, மலை நிக்குது."

பேச்சாயி அவள் தோளுக்கு மேலாகப் பின் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் வெளிச்சம் இல்லை. பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள்; பாதி வழியில் ஆரூரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே ஓடிவந்து அத்தையைத் தோளில் தாங்கிக்கொண்டான். மூவரும் பலகைப் பாலத்தைத் தாண்டி மறு கரையில் கால் வைத்தார்கள். கூடைமலை வந்தது.

அது வந்த சத்தத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பெரிய சத்தம் இல்லை, பட்டுச் சேலை உரசுவதுபோல் இருந்தது என்பவர்கள்தான் அதிகம். சாமிக்கல் முன்னால் வர, மலை லயத்தின் மேல் நடந்து, அபாயப் பலகையைக் கடந்து, ஓடைக் கரைக்கு வந்து, ஜமுக்காளத்தின் மேல் அமர்ந்தது. பன்னீர்ச் செம்பு சாயவில்லை. புழுதி அடங்கும் வரை குழந்தைகள்கூட அழவில்லை. வீடு போனவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். விருந்தாளி வந்தாகிவிட்டது, இனித் தாலி கட்டுவதற்குத் தடையில்லை. ஆரூரன் மூன்று முடிச்சுப் போட்டான். பேச்சாயி முன்வரிசையில் நின்று அட்சதை போட்டாள், மாமியார் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அதற்குப் பிறகுதான் தர்மிளாவுக்குப் பயம் மொத்தமாக வந்தது. மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அந்தக் காட்சியை அவள் கடைசிவரை வெட்டவில்லை.

சாயங்காலம் எல்லோருக்கும் தாம்பூலப் பை கொடுத்து வழியனுப்பினார்கள். முத்துக்கருப்பன் ஒரு பையை எடுத்துக்கொண்டு மலைக்கு முன்னால் போய் நின்றார். போயிட்டு வாங்க என்றால் அது இன்னொரு அழைப்பு. போங்க என்றால் வந்தவரை அவமதித்ததாகும். வெகுநேரம் நின்றுவிட்டு, பையைக் கீழே வைத்து, "இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தார். அதனால் அது இருந்துவிட்டது. லயத்து ஜனங்கள் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். வெகு நாள் இழுபறிக்குப் பிறகு எதிர் மேட்டில் வீடுகள் வந்தன. அபாயப் பலகை வாங்கித் தராததை மலை வாங்கித் தந்தது என்று பேச்சாயி சொல்வாள். ஜமுக்காளத்தின் ஒரு மூலை இன்னும் வெளியே தெரிகிறது. அதை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. இப்போது மேல் டிவிசனில் பெண்ணைப் பெற்றவர் பத்திரிகை வைக்கப் போகும்போது ஜொனி கேமராவை மூடிவிட்டு முதுகைக் காட்டி நிற்பான்.

தர்மிளா இன்றைக்கும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த வீடியோவைத் திறந்து பார்க்கிறாள். மலை கரையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். வீடியோ டொரொண்டோவுக்குப் போய்ச் சேர்ந்த அன்று ஆரூரனின் பெரியம்மா ஃபோனில் கூப்பிட்டு, எல்லாம் வடிவாக இருக்கிறது, ஆனால் தாலி கட்டும்போது பின்னுக்குக் கறுப்பாய்ப் பெரிதாய் இருக்கிறது ஆர் என்று கேட்டார். ஆரூரனின் தாய்தான் ஃபோனை எடுத்திருந்தார். "அது பொம்பிளை வீட்டுப் பகுதி ஆக்கள்" என்றார். "கொஞ்சம் பிந்தித்தான் வந்தவை. மரியாதையான ஆக்கள்."