பந்தலின் அந்தப் பக்கம்

பாப்பாத்தி கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்ன தப்பு செய்தோம் என்று அந்தக் கோழிக்கே தெரியாது.

"மூதேவி, அடுத்தவங்க எடத்துல நின்னுகினு இன்னா கொக்கரிப்பு வேண்டிக்கெடக்குது? கல்லு வந்து வுழுற வரிக்கும்தான் ஒன் ஆட்டம்."

கோழி நின்றதென்னவோ பாப்பாத்தியின் சொந்த இடத்தில்தான். பச்சை வலைக்கு இந்தப் பக்கம் அவரை பறித்துக்கொண்டிருந்த இருசம்மாளுக்கு, திட்டு யாருக்கு என்பதில் சந்தேகம் வரவில்லை. அவளிடம் கோழி கிடையாது. ஓர் ஆடு இருந்தது. அதன் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாத்துக்குப் பயப்படுற? கத்துறது கத்திகினேதான் இருக்கும். நீ தின்னு."

ஆடு தின்றது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் பச்சமுத்துவுக்கு வாக்கப்பட்டவள் இருசம்மாள். தம்பி பொன்னுரங்கத்துக்கு வாக்கப்பட்டவள் பாப்பாத்தி. தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்ட மாதிரி அவர்களுடைய இரண்டு ஓட்டு வீடுகளும் இருந்தன. நடுவில் பொதுவான தோட்டம். மூன்று வருஷமாக அவர்கள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காகப் பேசாமல் இருந்த நாளும் இல்லை. கோழி, ஆடு, காக்கை, காலி குடம் என்று எது கிடைத்ததோ அதனிடம் பேசினார்கள். பச்சமுத்து செத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சாவுக்கு வந்த பாப்பாத்தி பிணத்தைப் பார்த்து அழுதாளே தவிர, இருசம்மாளைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

இந்த வருஷம் சண்டை வாயை விட்டு மண்ணுக்கு வந்துவிட்டது. தோட்டத்தை அளந்து கல் போட வேண்டும் என்று பொன்னுரங்கம் கிளம்பினான். மாமனார் முருங்கை மரத்தை எல்லையாகக் காட்டிப் பிரித்துவிட்டிருந்தார். அந்த மரம் ஒரு புயலில் விழுந்து குழியும் தூர்ந்துவிட்டது. பட்டா மொத்தமும் பொன்னுரங்கம் பெயரில் இருந்தது. இருசம்மாள் வீட்டு ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடம்வரை தனக்குத்தான் என்றான். அங்கே சுவர் எழுந்தால், பின்வாசலில் நின்று கையை நீட்ட முடியாது, முட்டி இடிக்கும். தோட்டத்துக் காயைத் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விற்றுத்தான் அவள் சோறு தின்றாள்.

ஒரே மகன் தமிழரசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அளக்கும்போது வாரிசாக அவன் வந்து நின்று பங்கைக் கேட்க வேண்டும். அவன் இல்லாமல் கல் விழுந்தால், விழுந்தது விழுந்ததுதான். பொங்கலுக்குத்தான் லீவு என்று அவன் போனில் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு நாள் முன்னால் வந்தாலும் வேலை போய்விடுமாம்.

ஐப்பசியில் ஊர்ப் பெரியவர் சின்னக்கண்ணு வந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காய்க்கிற பந்தலை எந்த வழக்குக்காகவும் பிரிக்கக் கூடாது. அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

"அவரை ஓயட்டும். ஓஞ்ச மறுநாளு சர்வேயரக் கூப்டு. அதுவரிக்கும் நடுவுல வலையக் கட்டு. வலையத் தாண்டி எவுங்க கை போவுதோ, அவுங்க பேச்சு செல்லாது. இன்னாம்மா, சரிதான?"

இருசம்மாள் உடனே சரி என்றுவிட்டாள். கச்சிராயபாளையம் சந்தையில் கல்வராயன் மலைக்காரி ஒருத்தியிடம் வாங்கிய விதை அது. ஆடியில் போட்டால் புரட்டாசிக் கடைசியில் காய்க்கத் தொடங்கி மாசிவரை நிற்கும். பொங்கல் அதற்குள் வந்துவிடாதா?

கார்த்திகை இரண்டாம் வாரம்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது.

பந்தலில் பாதி வலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்தப் பாதியில் ஒரு காய்கூடப் பறிபடவில்லை. கொத்துக் கொத்தாக முற்றி, மஞ்சளாகி, காய்ந்து, காற்று அடித்தால் கலகலவென்று சத்தம் போட்டது. பறிக்கப் பறிக்கப் பூக்கிற கொடி அது. முற்றவிட்டால் தன் வேலை முடிந்தது என்று அடங்கிவிடும். அவள் பக்கத்திலேயே பூங்கொத்து குறையத் தொடங்கியிருந்தது. வலைக்கு மேலே கையை விட்டால் பேச்சு செல்லாது.

அன்றைக்கே பாப்பாத்தி கோழியிடம் சேதியும் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம பெரியவரு வராரு. நம்ம பக்கத்துல வந்து அண்ணாந்து பாக்கப்போறாரு. நீயே சொல்லு, இது காய்க்கிற பந்தலா, வெறவுக்குக் கட்டிவச்ச பந்தலா?"

 இருசம்மாள் மடியில் இருந்த காயை முறத்தில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாப்பாத்தி ஏன் பறிக்கவில்லை? முன்பெல்லாம் பறிப்பாள். குழம்புக்கு ஒரு கை என்று கொடி வழியாகவே சிரித்துக்கொண்டு பறித்துப்போவாள். அதை நிறுத்தியது இருசம்மாள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சந்தைக்கென்று விட்டுவைத்திருந்த காய் ஒரே நாளில் காணாமல் போயிற்று. பாப்பாத்தி வீட்டு முறத்தில் அது கிடந்தது. எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்றாள் பாப்பாத்தி. அதை யார் நம்புவார்கள்? மாரியம்மன் கோயிலுக்கு வா, கற்பூரம் அடி என்று இருசம்மாள் தெருவில் நின்று கூப்பிட்டாள். பாப்பாத்தி வந்தாள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அந்தக் கொடியிலிருந்து திருடவும் இல்லை, இனிமேல் அதன் காயில் கை வைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சத்தியம் செய்தும் என்ன? குழாயடியில் பெண்கள் அவள் வந்தால் அவரவர் குடத்தை அவரவர் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள்.

இப்போது அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றுகிறாள். வாயைத் திறந்து யாரும் குறை சொல்ல முடியாது. என் காயை இவள் எடுக்க மாட்டேன் என்கிறாள் என்று இருசம்மாள் எந்தப் பெரியவரிடம் போய் முறையிடுவாள்?

சத்தியத்தை இறக்க ஒரே வழிதான் இருந்தது. கற்பூரம் அடிக்கச் சொன்னவள், அதே கோயிலில், வெள்ளிக்கிழமை, நாலு பேர் கேட்கத் தன் மேல்தான் தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அடித்தவள் கையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். பாப்பாத்தியின் கையை. இருசம்மாள் இரண்டு நாள் அதை மென்றுகொண்டே இருந்தாள். வியாழக்கிழமை காலையில் வலையோரம் போய் நின்றாள்.

"பாப்பாத்தி."

துடைப்பம் நின்றது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருஷம்.

"அன்னிக்கிக் காய எடுத்தது நீ இல்ல."

பாப்பாத்தி பழக்கதோஷத்தில் கோழியைத் தேடினாள். அது அங்கே இல்லை.

"எங்க வூட்டுக்காருதான் துண்டுல கட்டிகினு வந்து ஒன் மொறத்துல கொட்டனாரு. தம்பி வூட்டுக்குக் குடுக்கறதுக்கு எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்னாரு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"கற்பூரம் அடிக்கறதுக்கு முன்னியா, பின்னியா?"

இருசம்மாள் வலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்ன."

 பாப்பாத்தி துடைப்பத்தைத் தட்டி நேர் செய்தாள்.

"பந்தலுக்காகத்தான இந்த யோக்கியம்?"

"ஆமா. பந்தலுக்காகத்தான். ஒம்மேல பாசம் பொங்கிகினு ஒண்ணும் வரல."

"நான் பறிப்பேன்னு நெனச்சிகினு இருக்கியா? கனவுலகூட நடக்காது."

"பறிக்காத. கைய மட்டும் வந்து கழுவிக்க."

வெள்ளிக்கிழமை கோயிலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். இருசம்மாள் எதையும் பூசி மெழுகவில்லை. எடுத்தது என் புருஷன். தெரிந்துகொண்டேதான், அவர் வாயையும் அடைத்துவிட்டு, இவளைக் கற்பூரம் அடிக்க வைத்தேன் என்றாள்.  கூட்டத்தில் ஒருத்தி, செத்தவன் தலையில் பழியைப் போட்டுத் தப்பிக்கிறாள் என்று முணுமுணுத்தாள். இன்னொருத்தி, இதைச் சொல்ல மூன்று வருஷமா ஆகும் என்று எல்லோருக்கும் கேட்கும்படியே கேட்டாள். பாப்பாத்தி கையை நீட்டினாள். இருசம்மாள் செம்பைச் சாய்த்தாள். உள்ளங்கையில் சுட்ட வடு ஏதாவது இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒன்றும் இல்லை. சாணியிலும் மண்ணிலும் காய்த்துப்போன, தன் கையைப் போலவே ஒரு கை. செம்பில் இருந்த கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். பாப்பாத்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பக்கம் பொன்னுரங்கம் தன் பெண்டாட்டியை எச்சரிப்பது கேட்டது. இன்னும் ஒரு நாள்தான், கொடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றான். பாப்பாத்தி உம் கொட்டினாள். அவன் மரவள்ளிக் கொல்லைக்குப் போனான்.

இருசம்மாள் பின்வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷமாகப் பாப்பாத்தியை அவளுக்குத் தெரியும். தன் பங்குக் கறியில் ஒரு துண்டு குறைந்தாலும் பொறுத்துக்கொள்வாள். தன்னைப் பற்றி ஒரு சொல் கூடினால் பொறுக்க மாட்டாள். அந்த ஒன்றை நம்பித்தான் செம்பைத் தூக்கினாள். ஆனால் வெயில் ஏற ஏற அந்தப் பக்கம் ஓர் அரவமும் இல்லை. உச்சி வந்தது.  வாயையும் கெடுத்துக்கொண்டு, மண்ணையும் விட்டுவிட்டோமோ என்று நினைத்தபோது அடுத்த வீட்டுக் கதவு திறந்தது.

பாப்பாத்தி தனியாக வரவில்லை. குழாயடிப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முக்காலியைப் போட்டாள். ஏறினாள். மஞ்சள் தண்ணீரில் கழுவிய கையை விரித்து மூன்று பேருக்கும் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்குங்கடி. இந்தக் கைதான். பட்டப்பகல்ல பறிக்கிறேன்."

பறித்தாள். ஒவ்வொன்றாக இல்லை, கொத்தோடு. காய்ந்தது, முற்றினது, பிஞ்சு, எதையும் விடவில்லை. முறம் நிறைந்து கூடை நிறைந்தது. கொடி மொட்டையாக நின்றது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போகாமல், தெருவைச் சுற்றிக் குழாயடிவரை போய்த் திரும்பி வந்தாள். இந்தப் பக்கத்துக்கு ஒரு காய்கூடக் கொடுக்கவில்லை. இருசம்மாளும் எதிர்பார்க்கவில்லை.

சாயங்காலம் பொன்னுரங்கம் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுக் குதித்தான். எல்லாம் கூடி வரும்போது இப்படித் தன் கையாலேயே கெடுத்துவிட்டாளே, புத்தி பிசகிவிட்டதா என்று ஊரைக் கூட்டினான். பாப்பாத்தி அவன் கத்தி முடிக்கும்வரை காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா என்னைத் திருடின்னு பாத்துகினு இருந்தாங்க. நீ வாயத் தொறந்தியா? ஒனக்கு மண்ணு வேணும். எனக்கு இது வேணும். போய்ச் சோத்தப் போட்டுத் தின்னு."

ஞாயிற்றுக்கிழமை சின்னக்கண்ணு வந்தார். காய்ந்த பந்தலைக் காட்டக் கூப்பிட்ட பொன்னுரங்கம் ஒதுங்கியே நின்றான். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். மொட்டைக் கொடி, புதிதாகக் கிள்ளிய பச்சைக் காம்புகள். இந்தப் பக்கம் பார்த்தார். ஊதாப் பூவும் பிஞ்சும்.

"எங்கப்பா ஓஞ்சிது? நேத்துகூடப் பறிச்சிருக்கீங்களே. பூ வுட்டுகினு இருக்குது. பொங்கல் போவட்டும், பாக்கலாம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இருசம்மாள் தமிழரசனுக்குப் போன் போட்டு, பொங்கலுக்கு மறக்காமல் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். எப்படி நடந்தது என்று அவன் கேட்டதற்கு, அவரை நன்றாகக் காய்க்கிறது என்றாள்.

மறுநாள் அவள் குடத்தோடு குழாயடிக்குப் போனபோது, வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் குடத்தை இழுத்து வைக்கவில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மகளிடம், இவளிடம் எதுவும் பேச்சு வைத்துக்கொள்ளாதே, நாளைக்கு உன்னையும் கற்பூரம் அடிக்க வைப்பாள் என்றாள். இருசம்மாள் குடம் நிறைகிறவரை குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்து பின்வாசலைத் திறந்தால், வலைக்கு அந்தப் பக்கம் காய்ந்த அவரை வெயிலில் கிடந்தது. பாப்பாத்தி ஒரு தடியால் அடித்து விதை எடுத்துக்கொண்டிருந்தாள். கோழி பக்கத்தில் வந்து நின்றது.

"வா, வா. ஒனக்கு இல்லாததா? வர ஆடிக்கு இத்த நாமளே போடலாம். வெத சுத்தமான வெத. வெச்சிருந்தவ வாயிதான் பொய் வாயி. புருசன் செத்தும் நெசத்த உள்ளயே வெச்சிகினு இருந்த வாயி."

இருசம்மாள் குடத்தை இறக்கினாள். தன் பக்கத்தில் எல்லாவற்றையும் பிஞ்சிலேயே பறித்துவிட்டதால், அடுத்த ஆடிக்கு விதை என்று அவளிடம் ஒரு நெற்றுகூட இல்லை. அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு அடியில் போனாள். ஆடு பின்னாலேயே வந்தது.

"பொய்தான்," என்று ஆட்டிடம் சொன்னாள். வலைக்கு அந்தப் பக்கம் தடி நின்றது. "இல்லன்னு யாரு சொன்னாங்க? ஆனா பந்தல் நிக்குது பாரு. நீ தின்னு."