பெறுபவரிடம் கேட்கக்கூடாதவை

கண்ணாடிக் கடைச் சோமசேகரம் சின்னப் பெட்டியைப் பிரசாந்தியின் மேசையில் வைத்துத் தானே திறந்து காட்டினார். நெல்லியடியில் இருந்த அந்தப் பார்சல் அனுப்பும் கந்தோரில் அதுதான் வழக்கம். அனுப்புகிறவர் திறந்து காட்ட வேண்டும், அவருக்கு முன்னாலேயே ஒட்ட வேண்டும்.

"குண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை, நல்லாப் பார்."

"வெடிக்கிறது உங்கடை வாய் மட்டும்தான் ஐயா," என்று சிரித்துக்கொண்டே பார்சல் துண்டை இழுத்து எழுதத் தொடங்கினாள். பெறுபவர்: செல்வநாயகம் கேதீஸ்வரன், கொழும்புத்துறை.

பேனை நின்றது.

"ஆள் வெளிநாட்டாலை வந்து நிக்குது. போன கிழமைதான் கடையிலை வந்து கண் சோதிச்சது," என்றார் சோமசேகரம், யாரும் கேட்காமலே.

போன கிழமை. அவருடைய கடை இரண்டு கட்டிடம் தள்ளி. இவ்வளவு கிட்ட அவன் நடந்து போயிருக்கிறான். அந்த நேரம் அவள் யாருக்கோ பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், புறப்படுவதற்கு முதல்நாள் அவன் கேட்டான்: "நான் கூப்பிட்டால் வருவியோ?" யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு மூன்று கடிதம் வந்தது. அம்மா படுக்கையில் கிடக்கிறா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒன்றுக்கும் பதில் போடவில்லை. அம்மா போன பிறகுதான் விளங்கியது, தடுத்தது அம்மா இல்லை, தன்னுடைய பயம் என்று. அதற்குள் கடிதங்களும் நின்றுவிட்டன. கலியாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக் கழித்தாள். சொல்லாத அந்தப் பதில் மட்டும் உள்ளே கிடந்தது.

இப்போது அவனுடைய தொலைபேசி இலக்கம் அவளுக்கு முன்னால் இருந்தது.

அதற்கு மேலே, சுவரில், அவளுடைய கையெழுத்திலேயே எழுதிய தாள். பெறுபவரின் இலக்கத்தைப் பார்சலுக்கு மட்டுமே பாவிக்க வேண்டும். சொந்தப் பேர் சொல்லக்கூடாது. வீட்டில் கண்டதை வெளியில் கதைக்கக்கூடாது. போன வருடம் ஜெசிதா என்ற பெண்ணுக்குச் சட்டைப் பார்சல் கொண்டுபோனவன், அன்றிரவே தொடங்கி 'சாப்பிட்டாச்சோ?' என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் கந்தோருக்கு வந்து இதே மேசையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிய அன்று பிரசாந்தி அந்தத் தாளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். "உது பார்சல் கந்தோரோ, கன்னியர் மடமோ?" என்று முதலாளி அடைக்கலநாதன் பகிடி பண்ணினாலும் தாளைக் கழற்றச் சொல்லவில்லை.

பார்சல் புறப்படுவதற்கு முன் பெறுபவரின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைப்பது அவளுடைய வேலை. எடுத்தாள்.

"வணக்கம். பார்சல் கந்தோரிலையிருந்து கதைக்கிறன். உங்களுக்கு ஒரு பார்சல் கிடக்கு."

"ஓம், ஓம். கண்ணாடி."

குரல் தடித்துப் போயிருந்தது. ஆனால் ஓம் என்பதை இரண்டு தரம் சொல்லும் அந்த அவசரம் அப்படியே இருந்தது.

"பின்னேரம் வீட்டிலை ஆர் நிப்பினம்?"

"நான்தான். வேறை ஆர்?" சிரித்தான். "நான் மட்டும்தான்."

நூறு பேரிடம் கேட்ட கேள்வி. அந்தப் பதிலை அவள் எந்தத் துண்டிலும் எழுதவில்லை, நெஞ்சுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். உடனே களவெடுத்தவள் போலக் கூச்சமாக இருந்தது.

"நாய் நிக்குதோ?"

"ஏன், நாயிட்டையும் குடுப்பீங்களோ?"

"பார்சல் கொண்டுவாற எங்கடை அண்ணையை ஒருக்கால் நாய் கடிச்சுப்போட்டுது. அதுதான்."

"ஐயோ, பாவம். இல்லை, நாய் இல்லை."

"நான் ஒரு இலக்கம் சொல்லுறன். அதைச் சொன்னால்தான் அவர் பார்சலைத் தருவார். ஏழு, ரண்டு, ரண்டு, ஒன்பது."

அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். பிறகும் தொலைபேசியை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"தங்கச்சி, நீங்கள் ஆர் கதைக்கிறது?"

தங்கச்சி. அவன் ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. பேரை மட்டும் சொன்னால் போதும். வாய் திறந்துவிட்டது. ஆனால் ஜெசிதாவுக்குச் செய்தி அனுப்பியவனும் இதே மேசைக்கு முன்னால் நின்று, "நான் அன்பாத்தானே அக்கா கேட்டனான்," என்றுதான் சொன்னான். தன்னுடைய அன்பு கேதீஸ்வரனுடைய வீட்டுக்குள் நுழைந்தால் அது சந்தோஷமா, தொந்தரவா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"பார்சல் கந்தோர்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாலரைக்குக் குகதாசன் அண்ணை திரும்பி வந்தார். ஐம்பது வயதில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டு திரிகிற மனிதர்.

"கொழும்புத்துறை குடுத்தாச்சுப் பிள்ளை. ஆள் இலக்கம் சரியாச் சொல்லிச்சுது. பிறகு நிண்டு என்னைக் கேட்டுது, போனிலை கதைச்ச பிள்ளை ஆர், அந்தப் பிள்ளையின்ரை பேர் பிரசாந்தியோ எண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? நீ எங்களிட்டைக் கையெழுத்து வாங்கினனி எல்லே. சொல்லேலாது ஐயா எண்டன். படலை வரைக்கும் வந்து திரும்பவும் கேட்டுது. திரும்பவும் சொல்லேலாது எண்டன்." முகத்தில் பெருமை. "சரிதானே?"

"சரி அண்ணை."

சரிதான். நாளைக்கு எவனாவது வந்து ஜெசிதாவைப் பற்றிக் கேட்டாலும் அவர் இப்படித்தான் நிற்பார். அதற்காகத்தானே எழுதினாள்.

"அந்தாள்... எப்பிடி..."

"பிள்ளை! வீட்டிலை கண்டதைக் கதைக்கப்படாது. உன்ரை சட்டம்." சிரித்தவர் அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "கேள். நான் சொல்லுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

தலை நரைத்துவிட்டதா? கண்ணாடியைப் போட்டதும் முதலில் எதைப் பார்த்தான்? பேரைக் கேட்டபோது குரல் எப்படி இருந்தது? கோபமா, இல்லை வேறு ஏதாவதா? எதிரே நின்ற இந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரியும்.

"வேண்டாம் அண்ணை."

அவர் ஹெல்மெட்டை எடுத்தார்.

"போகாதேங்கோ," என்றாள் அவசரமாக. "கொஞ்சம் இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

மெதுவாகத்தான் போட்டாள். அவர் குடித்து முடியும் மட்டும், அவனைப் பார்த்துவிட்டு வந்த அந்தக் கண்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.