ஓனருக்குப் போட்ட வாய்ப்பூட்டு

எதற்கெடுத்தாலும் "என் தப்புதாங்க" என்று சொல்லிவிடுவார் அந்த வீட்டு ஓனர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் தப்பு. மழையில் மொட்டைமாடித் துணி நனைந்தால் அதுவும் அவர் தப்பு. வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கிய கட்டடம் அது. குடியிருப்பவர்கள் அவருக்கு 'மன்னிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். "அட, விடுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். தங்கமான மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது.

அப்படிப்பட்டவர் நிஜமாகவே ஒரு தப்பு செய்தார். மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது என்று மேல் போர்ஷன் கணக்கு டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். "நாளைக்கே ஆள் கூட்டிட்டு வரேம்மா" என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலையில் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. டீச்சர் உருண்டு விழுந்து கால் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை வாசலிலேயே மறித்தார் மனைவியின் தம்பி. கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்ட்டும் அவரே.

"அத்தான், கட்டடத்தால யாருக்காவது அடிபட்டா கம்பெனி செலவை ஏத்துக்கும். ஆனா அவங்களைக் கேட்காம நீங்களா தப்பை ஒத்துக்கிட்டீங்கன்னா கையை விரிச்சிடுவாங்க. ஆபரேஷன் செலவை நீங்களும் தாங்க மாட்டீங்க, டீச்சரும் தாங்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வரக்கூடாது."

"வேற என்னதான்டா பேசறது?"

"எப்படி இருக்கீங்கன்னு கேளுங்க, போதும்."

கேட்டார். கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. சட்டென்று ஒரு சுளையைத் தன் வாயிலேயே போட்டு அடைத்துக்கொண்டார். டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் போனார், தினமும் உரித்தார். போகப் போக டீச்சர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். பாவம், ஓனருக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

கம்பெனி அதிகாரி வந்தார். நடந்ததை எல்லாம் ஓனர் அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதிகாரி டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"விழுந்த பிறகு ஓனர் உங்ககிட்ட தப்பை ஒத்துக்கிட்டாரா?"

"மழை பெஞ்சாக்கூட என் தப்புன்னு சொல்ற மனுஷன் சார்." டீச்சரின் குரல் உடைந்தது. "என் காலுக்கு மட்டும் சொல்லவே இல்ல."

பக்கத்தில் நின்ற ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். "கம்பெனி பணம் கட்டிடுச்சு அத்தான், இனிமே என்ன வேணா பேசுங்க" என்று மச்சினன் போன் செய்ததுதான் தாமதம், புதுக் கைப்பிடியைப் பிடித்தபடி மாடியேறினார் ஓனர். தனக்குப் போட்ட வாய்ப்பூட்டைப் பற்றி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

"அதுக்காகவா அவ்வளவு ஆரஞ்சு?" என்றார் டீச்சர்.

"ஆமாம்மா."

"இப்போ சொல்லலாமா?"

"சொல்லலாம்."

ஊருக்கெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்த வார்த்தை, இப்போது பார்த்து வர மறுத்தது. கண்தான் முதலில் கலங்கியது.

"என் தப்புதாம்மா."

அட, விடுங்க சார் என்று டீச்சர் சொல்லவில்லை.

"ஆமாண்ணே. உங்க தப்புதான்" என்றார். "டீத்தூள் மேல் தட்டுல இருக்கு. எனக்கும் சேர்த்துப் போடுங்க."

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட அவர் சொன்னதை இப்படி ஒத்துக்கொண்டதில்லை. ஓனர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாத்திரத்தைத் தேடினார்.