மூடிக்குள் இரண்டு வயர்

என் கணவரைத் தெருவில் எல்லோரும் மெக்கானிக் என்பார்கள். அவரைப் பெற்ற அம்மா, அதாவது என் மாமியார், தொடப்பம் என்பார்.

வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. லேப்டாப் பழுதுபார்க்கும் கடை என்றால் வயரும் தூசியுமாகத்தானே இருக்கும்? இங்கே திருகாணிகள்கூட அளவுவாரியாக மூடிபோட்ட டப்பாக்களில் படுத்திருக்கும். எந்த லேப்டாப்பைத் திறந்தாலும் பழுது எங்கே என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் கை பிரஷ்ஷைத் தேடும். "கீபோர்டு சரி பண்ணக் குடுத்தா குளிப்பாட்டி, தலை சீவி, பொட்டு வெச்சுத் தர்றானே!" என்று மாமியார் வாசலில் நின்று வாடிக்கையாளர்களிடமே சொல்வார்.

நான் கண் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியன். ஆஸ்பத்திரியின் வேனில் தொழிற்சாலைகளுக்கும் சந்தைகளுக்கும் போய், வருகிறவர்களின் கண்ணுக்குள் படம் எடுப்பது என் வேலை. படம் என் லேப்டாப் வழியாக ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டருக்குப் போகும். அவர் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்றோ "இன்றைக்கே வரச்சொல்" என்றோ பத்து நிமிடத்தில் பதில் அனுப்புவார். அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாம். "முடிவை அடுத்த வாரம் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தவர்களில் திரும்பி வந்தவர்களை என் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

படத்தை அனுப்ப இணையம் வேண்டும். வேனில் இணையம் என்பது என் போன். ஏழெட்டுப் படம் போனதும் போன் சூடாகி மயங்கிவிடும். வேன் ஓட்டுகிற அண்ணன் அதை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி விசிறிக்கொண்டிருப்பார். உள்ளே வரிசை நிற்கும். பிறகு வரிசை கலையும்.

போன வாரம் எங்கள் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"திங்கட்கிழமை நானே வேன்ல வர்றேன். படம் ஒழுங்கா போகுதான்னு பாக்கறேன். போகலைன்னா வேனை நிறுத்திடறதா முடிவு பண்ணியிருக்காங்க. உன்னைக் கிளை ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்க."

கிளை ஆஸ்பத்திரி ரயிலில் ஆறு மணி நேரம். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

வீட்டில் சொன்னேன். மாமியார் சீட்டு ஆடிக்கொண்டிருந்த லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். மறுநாள் காலையில் என் கணவர் எங்கிருந்தோ ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெள்ளிநிறக் காகிதம், அதற்குள் பாதி பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகடு.

"மோடம் கார்டு. போனுக்குள்ள இருக்கிற சமாச்சாரம்தான். உன் லேப்டாப்புக்குள்ள வெச்சுட்டா சிம்மை நேரா அதுலயே போட்டுடலாம். போனும் வேணாம், விசிறியும் வேணாம்."

"என் லேப்டாப்புல அதுக்கு இடம் இருக்கா?"

"இருக்கான்னா கேக்கறே? அதுக்குன்னே ஒரு அறை காலியா கெடக்கு. கம்பெனிக்காரன் எல்லாத்தையும் தயாரா வெச்சுட்டு கார்டை மட்டும் போடாம வித்திருக்கான். குடிவர வேண்டியதுதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் குடிபுகும் விழா ஆரம்பமானது. நான் டார்ச் பிடித்தேன். அவர் அடிமூடியைக் கழற்றினார். பேட்டரியைப் பிரித்தார். காலியான அறை உண்மையிலேயே இருந்தது. கார்டைச் சாய்வாகச் செருகி, மெல்ல அழுத்தி, ஒரே ஒரு திருகாணி போட்டார். பக்கவாட்டில் இருந்த சின்னப் பிளவில் சிம்மைத் தள்ளியதும் 'க்ளிக்' என்றது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். பெரிய வேலையெல்லாம் இல்ல" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

லேப்டாப்பை இயக்கினோம். கார்டின் பெயர் திரையில் வந்தது. சிம்மின் பெயரும் வந்தது. சிக்னல் மட்டும் வரவில்லை. 'தேடுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் அதே சிம்மைப் போட்டால் நான்கு கோடும் பளிச்சென்று நின்றது.

"ஓ, ஆன்டெனா வயரை மாட்டலையே!" என்று தலையில் தட்டிக்கொண்டு மறுபடி திறந்தார். "கார்டு மேல பாரு, கடுகு அளவுல ரெண்டு தங்கக் குமிழ். திரைக்குப் பின்னாடி மூடிக்குள்ள ஆன்டெனா இருக்கும். அதுலேர்ந்து ரெண்டு வயர் கீல் வழியா இறங்கி இங்கதான் டேப் சுத்திக் கெடக்கும். அதை எடுத்து இதுல அழுத்த வேண்டியதுதான்."

தேடினார். பேட்டரிக்கு அடியில் தேடினார். விசிறிக்குப் பின்னால் தேடினார். பிறகு கீலுக்குப் பக்கத்தில், ஒட்ட நறுக்கிய நகம் போல இரண்டு வயர் நுனிகள் எட்டிப் பார்த்தன. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அவர் காது சிவப்பதை நான் பார்த்தேன்.

"யாரோ வெட்டியிருக்காங்க" என்றேன்.

"ம்."

"எந்தப் படுபாவி?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே நினைவு வந்துவிட்டது.

போன வருடம், அவர் யாரோ நான் யாரோ என்று இருந்த காலத்தில், இதே லேப்டாப்பை விசிறி சத்தம் போடுகிறது என்று இதே கடையில் கொடுத்திருந்தேன். திருப்பித் தரும்போது அந்த மெக்கானிக் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையையும் நீட்டினார். "உள்ள ரெண்டு வயர் எதுலயும் சேராம சும்மா கெடந்துச்சுங்க. அசிங்கமா இருந்துச்சு. எடுத்துட்டேன். உங்க பொருள், நீங்களே வெச்சுக்குங்க."

இவ்வளவு நேர்மையான ஆளா என்று நான் அன்றைக்கே விழுந்துவிட்டேன். அந்த உறை இன்னும் என் வளையல் பெட்டியில் இருக்கிறது. போய் எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். விரல் நீளத்தில் ஒரு நீலம், ஒரு சாம்பல்.

"இதை எதுக்கு வெச்சிருக்கே?" என்றார், மெதுவான குரலில்.

"நீங்க எனக்குக் குடுத்த மொதல் பரிசு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். சிரிப்புதான் வந்தது. ஆறு மணி நேர ரயிலை நினைத்ததும் அதுவும் நின்றது.

"இதை ஒட்டவெச்சுட முடியாதா?"

"தலைமுடி கனம்தான் இருக்கு. அதுக்குள்ள ஒரு கம்பி, அதைச் சுத்தி இன்னொரு கம்பி வலை. ஒட்டினா சிக்னல் அந்த ஒட்டுலயே செத்துடும். புதுசு வாங்கலாம்னா நாலு நாள் ஆகும்."

வைஃபை வயர்களைப் பிடுங்கி அந்தக் குமிழ்களில் மாட்டிப் பார்த்தார். ஒரு கோடு வந்தது, உடனே போனது. லேப்டாப்பைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக, "என்ன மெக்கானிக், வெயில் காட்டறீங்களா? மஞ்சக்காமாலையா?" என்று கேட்டார். தெருமுனை வரைக்கும் போய்வந்தும் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை.

"அது வேற அலைக்குச் செஞ்ச ஆன்டெனா. இதுக்கு இதுதான் வேணும்" என்று திரும்பி வந்து உட்கார்ந்தவர், சட்டென்று நிமிர்ந்து உள்ளறையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

உள்ளறையில் மாமியார் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய லேப்டாப் என்னுடையதன் இரட்டைப்பிறவி. ஒரு வாடிக்கையாளர் வெளிநாடு போகும்போது "நீங்களே வெச்சுக்குங்க" என்று விட்டுப்போனது. வந்த நாளிலிருந்து அதன்மேல் மகனின் கை படவிட்டதில்லை.

"அம்மா..."

"முடியாது."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே!"

"ஸ்க்ரூட்ரைவரோட வந்து அம்மான்னு கொழையறே. எனக்குத் தெரியாதா? நீ தொட்டா எதையாவது புடுங்கி எறிஞ்சிட்டுத்தான் விடுவே."

"அதனாலதாம்மா வந்திருக்கேன். நீங்க தொடவிடாததால உங்களோடதுல மட்டும்தான் அந்த வயர் முழுசா இருக்கும்."

நடந்ததை நான் சொன்னேன். பாதியிலேயே மாமியார் சீட்டை மறந்துவிட்டார். முடிக்கும்போது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கட்டிக்கப் போறவளோட வயரையே வெட்டிக் கையில குடுத்திருக்கான் பாரு! இதுக்கு மயங்கினியே, உன்னைச் சொல்லணும் கண்ணு."

"அத்தை, வயர் தருவீங்களா மாட்டீங்களா?"

"என் ஆட்டம் நிக்குமா?"

"நிக்காதும்மா. அந்த வயர் உங்களுக்கு எதுக்குமே உபயோகம் இல்ல" என்றார் அவர்.

"எனக்கு எது உபயோகமில்லைன்னு நீ சொல்லாதே. அதைச் சொல்லித்தான் எல்லாத்தையும் கெடுத்தே." மாமியார் லேப்டாப்பை மடியிலிருந்து எடுக்காமல் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஆறு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா இந்த வீட்ல நானும் இவனும் மட்டும். நான் டம்ளரை வெச்சா நகர்த்துவான். செருப்பை விட்டா அடுக்குவான். அந்தக் கொடுமைக்கு ரெண்டு வயர் போனாப் போகட்டும். ஆனா ஒண்ணு. என் கண்ணு முன்னாடி திறக்கணும். பிரஷ்ஷைத் தொடக்கூடாது."

திறந்தார். ஐந்தாறு வருடத் தூசி பஞ்சுமெத்தை போலப் படிந்திருந்தது. என் கணவரின் விரல்கள் துடித்தன. மாமியார் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். தூசிக்கு அடியில், கறுப்பு டேப்புக்குள் சுருண்டபடி, நீலமும் சாம்பலுமாக இரண்டு வயர்கள் அலுங்காமல் இருந்தன. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

எடுப்பது சுலபமாக இல்லை. திரையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி, திரையைச் சாய்த்து, மூடியின் மேல்விளிம்பில் ஒட்டியிருந்த ஆன்டெனாப் பட்டைகளைப் பசையோடு உரித்தெடுக்க வேண்டியிருந்தது. அழுத்தி இழுத்தால் கிழிந்துவிடும். அரைமணி நேரம் அவர் இமைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். பிறகு என் லேப்டாப்பின் திரையையும் கழற்றி, அதே இடத்தில் ஒட்டி, வயரைக் கீல் வழியாக நுழைத்துக் கொண்டுவந்தார். கடுகு அளவுக் குமிழின்மேல் கடுகு அளவு மூடி. முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவையும் வழுக்கியது.

"நான் அழுத்தவா? தினம் கண்ணுகிட்ட அசங்காம வேலை பண்ற கை" என்றேன்.

டார்ச்சை அவர் வாங்கிக்கொண்டார். நான் நகத்தால் அழுத்தினேன். 'டிக்'. இன்னொன்று. 'டிக்'.

திரையில் வட்டம் சுற்றியது. ஒரு கோடு. இரண்டு. மூன்று. நின்றது. நான்காவது கோடும் வந்தது. மாமியார்தான் முதலில் கைதட்டினார். என் கணவர் என்னைத் தூக்கப்போய், அம்மா இருப்பது நினைவு வந்து, பாதியில் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வேன் ஓர் ஓட்டுத் தொழிற்சாலையின் முற்றத்தில் நின்றது. மேலாளர் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையிலேயே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் படம் போக ஒன்பது விநாடி. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது படம், போன் வழக்கமாக மயங்குகிற இடம். போயிற்று. பன்னிரண்டு, பதினைந்து, இருபது. ஓட்டுநர் அண்ணன் பழக்கதோஷத்தில் தன் சொந்தப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் என்ன பண்றார்?" என்றார் மேலாளர்.

"அண்ணே, இனிமே அது வேணாம்!"

"சும்மா இருக்கக் கை வரலைம்மா" என்றார் அவர்.

இருபத்து மூன்றாவதாக வந்தது சூளையில் வேலை செய்கிற ஒரு பெண். படத்தில் தெரிந்தது எனக்கே சரியாகப் படவில்லை. அனுப்பினேன். அவர் வேலைக்குத் திரும்ப எழுந்தபோது டாக்டரின் பதில் வந்துவிட்டது: இன்றைக்கே வரச்சொல், பார்வையைக் காப்பாற்றிவிடலாம். படி இறங்கப்போனவரை மேலாளர் அம்மாவே எழுந்துபோய்க் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"வேன் ஓடட்டும்" என்றார். "நீ எங்கேயும் மாற வேணாம். இதை உள்ள வெச்சது யாரு?"

"என் வீட்டுக்காரர் மேடம்."

"நல்லதாப் போச்சு. கிளை ஆஸ்பத்திரிக்கு மூணு வேன் வாங்கியிருக்காங்க. மூணு லேப்டாப்புக்கும் இதே மாதிரி செய்யணும். அவரைப் பத்து நாள் அங்க அனுப்பி வையேன்."

ஆறு மணி நேர ரயில் எங்கள் வீட்டை விடுவதாக இல்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது. மேலாளர் அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம் மேடம்."

"அங்க புது ஆளுங்களுக்குப் படம் எடுக்கக் கத்துக்குடுக்க ஒருத்தர் வேணும்னு கேட்டாங்க. நீயும் போ. ஒரே ரயில்லதான் போகணும்னு நான் உத்தரவா எழுதித் தரணுமா?"

என் சிம் லேப்டாப்புக்குள் இருந்ததால், ஓட்டுநர் அண்ணனின் போனை வாங்கி அங்கேயே நின்று என் கணவரை அழைத்தேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "ஜன்னல் சீட் எனக்கு" என்றார்.

"அதெப்படி? உத்தரவு வாங்கினது நான்."

"மோடம் வெச்சது நான்."

"டிக்னு அழுத்தினது யாரு?"

"வயரு எங்க அம்மாவோடது!"

"அப்ப உங்க அம்மாவை உக்காத்தி வெச்சுக் கூட்டிட்டுப் போங்க!"

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். மேலாளர் அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வரிசையில் இருந்த அடுத்தவரைக் கைகாட்டி உள்ளே அழைத்தார். "அவங்க பேசி முடிக்கட்டும்" என்று அவரிடம் சொன்னார். "தாடையை இதுமேல வெச்சு, நேராப் பாருங்க."