வருத்தக்காரர் மாதிரி இல்லை

உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருந்திருந்தால் முத்தையன்கட்டில் நோய் வருத்தம் வராத ஒரே ஆள் கனகலிங்கமாகத்தான் இருந்திருப்பார். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி அப்படித்தான் நினைத்தாள். மனுசன் குடிக்கமாட்டார். சுருட்டுப் பற்றமாட்டார். கலியாண வீட்டில் வெற்றிலைத் தட்டத்தை நீட்டினால் தொட்டுவிட்டு அப்பால் தள்ளிவிடுவார். விடிய நாலரைக்கு எழும்பிக் கிணற்றில் முப்பது வாளி அள்ளிக் குளிப்பார். குரக்கன் பிட்டும் முருங்கையிலையும் கொதித்து ஆறின தண்ணீரும்தான் சாப்பாடு. படுப்பதென்றால் நுளம்பு வலைக்குள்தான்.

அப்படிப்பட்டவருக்கு இருபது நாளுக்கு ஒருதரம் வருத்தம் வந்தது. முதலில் முழங்கால் நோகும். பின்னேரம் குளிர் பிடிக்கும். அடுத்த நாள் உடம்பு அடுப்புக்கல்லாய்க் கொதிக்கும், வாயெல்லாம் புண். ஐந்தாம் நாள் ஒன்றுமே நடக்காதவர் போல எழும்பி, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரியில் தொடங்கியது. காய்ச்சல் வந்த நாட்களுக்குக் கலண்டரில் அவள் கரியால் கோடு போட்டாள். அடுத்த ஆவணிக்குள் பதின்மூன்று கோடு விழுந்துவிட்டது.

வன்னியில் காய்ச்சல் என்றால் மலேரியா. வேறு பெயரே கிடையாது. ஆஸ்பத்திரியில் விரலில் குத்திக் குத்தி இரத்தம் எடுத்தார்கள், ஒருதரமும் மலேரியா இல்லை. இருந்தாலும் குளிசை கொடுத்தார்கள். அதன் கசப்பில் காது இரைந்ததுதான் மிச்சம். நாவூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தாள். சாத்திரியார் ஏழரைச் சனி என்றார். ஏழரை வருசம் யார் காத்திருப்பது?

அடுத்த காணி ஏரம்பு தனிக்கட்டை. தாய் தகப்பன் செத்து, கலியாணமும் கட்டாமல், கள்ளும் சுருட்டுமாய்க் காலம் தள்ளுகிறவன். குளத்துத் தண்ணீரை அப்படியே கையால் அள்ளிக் குடிப்பான். ஒரு தலையிடி என்று அவன் படுத்ததில்லை.

"அண்ணை, உந்தக் குரக்கன் பிட்டை விட்டுப்போட்டு என்னோட வந்து ஒரு போத்தல் கள்ளு அடியுங்கோ. வருத்தம் வெறியில வழி மாறிப் போயிடும்," என்பான்.

கனகலிங்கம் சிரிப்பார். ஜெகதீஸ்வரியும் சிரிப்பாள். பிறகு குசினிக்குள் போய், இந்த வருத்தம் வேலி மாறி வந்துவிட்டதே என்று வயிறெரிவாள். பாவம், ஏரம்பு நல்லவன். அது அவளுக்கும் தெரியும்.

கடைசியில் டொக்டர் ஒரு கடிதம் எழுதித் தந்தார். "இரத்தத்தில வேற ஏதோ இருக்குது. அதைச் சோதிக்கிற வசதி இஞ்சை இல்லை. வவுனியாவுக்குப் போனால்தான் என்னெண்டு தெரியும். சுணங்காதையுங்கோ," என்றார்.

வவுனியா ஆமிக்காரரின் பக்கம். இயக்கத்தின் பக்கமிருந்து அங்கே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் எடுக்கிறவர் தன் குடும்பத்தில் ஒருவரைப் பிணை வைத்துவிட்டுப் போகவேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சகோதரங்கள் எல்லாம் கடல் கடந்துவிட்டார்கள். ஆகவே அவர் போவார், அவள் பிணை நிற்பாள். காய்ச்சல் இல்லாத நாளில் தனியே போய்வரக்கூடிய மனுசன்தானே!

புதுக்குடியிருப்பில் பாஸ் கந்தோருக்கு வரச்சொன்ன நாள் ஆவணி பன்னிரண்டு. அவள் கலண்டரைப் பார்த்தாள். அன்றைக்கு அவர் சுகமாய் இருக்கிற நாள்.

"அக்கா, அண்ணைக்கு முகம் வழிக்க விடாதையுங்கோ," என்று ஏரம்பு வேலிக்கு மேலால் சொன்னான். "குளிக்காமல், கசங்கின சாரத்தோட கூட்டிக்கொண்டு போங்கோ. நான் என்ர லாண்ட் மாஸ்டர் உழவு மிசின் பெட்டியில படுக்கவைச்சுக் கொண்டுபோறன்."

"உனக்கென்ன விசரே? கந்தோருக்கு ஊத்தையோட போறதே?" என்றாள் ஜெகதீஸ்வரி.

அந்தப் பிழையை அவள்தான் செய்தாள். ஊரெல்லாம் வந்து நிற்கிற இடத்தில், பெண்சாதி பார்க்காத மனுசன் என்று ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது. இஸ்திரிப் பெட்டிக்குள் சிரட்டைக்கரி போட்டு வேட்டியை மடிப்புக் குலையாமல் மினுக்கினாள். வெள்ளைச் சேட்டுக்கு நீலம் போட்டாள். அவர் முப்பது வாளி அள்ளி முழுகி, முகம் வழித்து, மூன்று குறி திருநீறு பூசிக்கொண்டு, அவளையும் கரியரில் ஏற்றிப் பதினைந்து மைல் சைக்கிள் மிதித்தார்.

கந்தோர் மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். கடிதத்தை வாசித்தார். நிமிர்ந்து கனகலிங்கத்தைப் பார்த்தார்.

"ஐயா எதில வந்தனீங்கள்?"

"சைக்கிளில."

"அம்மாவையும் ஏத்திக்கொண்டோ?"

"ஓம்."

"இண்டைக்குக் காய்ச்சல் இருக்கோ?"

அவருக்குப் பொய் வராது. "இண்டைக்கு இல்லை," என்றார்.

கண்ணாடிக்காரர் வெளியே கையைக் காட்டினார். அங்கே வாங்கில் ஒரு கிழவரைப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்தில் கால் வீங்கிய பெண் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களைப் பார்த்தால் வருத்தக்காரர் மாதிரி இல்லை ஐயா. முதல் அவையளை அனுப்பவேணும். மூண்டு மாதம் கழிச்சு வாங்கோ."

அவர் சொன்னதில் அநியாயம் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திரும்பி வருகிற வழி முழுக்கத் தான் நீலம் போட்ட சேட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஈசு, நான் எதைப் பிழையாச் செய்தனான்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லையப்பா," என்றாள்.

ஆறாம் நாள் காய்ச்சல் வந்தது. பிறகு பன்னிரண்டு நாளுக்கு ஒருதரம் வந்தது, பிறகு எட்டு. கலண்டரில் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் வெள்ளை குறைந்துகொண்டே போனது. முப்பது வாளி பத்தாகி, பிறகு அவள் அள்ளி ஊற்றுகிற மூன்று வாளியாயிற்று. வாய்ப்புண்ணில் குரக்கன் பிட்டு இறங்கவில்லை. கஞ்சியை வடித்துக் கொடுத்தாள். வேட்டி இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றியது. சுருட்டுக்காரன் ஏரம்புதான் அவருடைய வயலுக்கும் தண்ணீர் கட்டினான். பகிடி விடுவதையும் அவன் நிறுத்திவிட்டான்.

கார்த்திகையில் மறுபடி போனார்கள். இந்தமுறை அவரை வருத்தக்காரராய்க் காட்ட அவள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஏரம்புவின் லாண்ட் மாஸ்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். கண்ணாடிக்காரர் எழும்பி வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே பாஸை எழுதினார்.

"ஏனம்மா, இவரை நேரத்தோட கொண்டுவரேல்லை?" என்றார்.

ஜெகதீஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவருக்கு ஞாபகம் இல்லை. எத்தனை பேரைப் பார்க்கிற மனுசன்!

"ஆர் பிணை?"

"நான்தான்."

"அப்ப ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

வவுனியா வழியில், தாண்டிக்குளத்தில், இந்தப் பக்கக் காவல் சென்றிக்கும் அந்தப் பக்கச் சென்றிக்கும் இடையில் வாகனம் ஓடாது. வெயிலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். இவர் கிணற்றடிக்கே இரண்டு தரம் இருந்து எழும்பித்தான் போகிறார்.

"நானும் போறன். அவரால தனிய நடக்கேலாது."

"நீங்களும் போனால் ஆரம்மா நிக்கிறது? வேற சொந்தம் இல்லையோ?"

"இல்லை."

"நான் கூட்டிக்கொண்டு போறன் தம்பி," என்று ஏரம்பு முன்னுக்கு வந்தான்.

"அப்ப உங்களுக்கு ஆர் பிணை, அண்ணை?"

"நானே நிக்கிறன், ரண்டு பேருக்கும்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"அப்பிடி விடேலாதம்மா. அவற்ற குடும்பத்து ஆள் ஒராள் வேணும்."

ஏரம்பு தன்னுடைய காலைப் பார்த்தான். "எனக்கு ஆர் இருக்கினம்," என்றான் மெதுவாக. இவ்வளவு காலமும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தவன்.

கண்ணாடிக்காரர் பாஸை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, "பத்து நாளைக்குச் செல்லும்," என்று உள்ளே போனார். அதில் ஒரு பெயர்தான் இருந்தது.

கந்தோர் வாசலில் நின்று கத்தவேண்டும்போல் இருந்தது அவளுக்கு. போகக்கூடியவராய் இருந்தபோது விடவில்லை. விட்டபோது போகமுடியவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது?

லாண்ட் மாஸ்டர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு திரும்பியது. குலுங்கிய ஒரு பள்ளத்தில் அவர் கண் திறந்தார்.

"கிடைச்சதோ, ஈசு?"

"ஓமப்பா, கிடைச்சிட்டுது."

அவர் முகத்தில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரு சந்தோசம் வந்தது. "பாத்தியே! அப்ப விடியக் குளிச்சிட்டு வெளிக்கிடவேணும். வேட்டியை ஒருக்கால் மினுக்கி வை, என்ன."

முன்னால் இருந்த ஏரம்பு திரும்பிப் பார்க்கவில்லை.

"மினுக்கி வைக்கிறன்," என்றாள் ஜெகதீஸ்வரி. வீட்டுக்கு வந்து அவரைப் படுக்கவைத்துவிட்டுச் சிரட்டைக்கரியைப் பற்றவைத்தாள்.