ஆளில்லாத செருப்பு

சிதம்பரத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகும் சாலையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பாஸ்டர் கலைமணியின் சபை. ஆறு வருஷமாகியும் ஆள் முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. கடலூர் தாய்ச்சபைக்குப் பொறுமை போய்விட்டது. ஈஸ்டருக்குள் மொத்தம் ஐம்பது பேர் சேராவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு வந்துவிடச் சொல்லி, 2009 பிறந்ததுமே கடிதம் போட்டுவிட்டார்கள்.

மனுஷன் ஆடிப்போய்விட்டார். தினமும் விடிந்ததும் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, எங்க சபை ஒங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது? அத எனக்கும் கொஞ்சம் காட்டுங்க" என்று மன்றாடுவார். மனைவி சந்திரலேகாவோ, "காட்டுவாரு, காட்டுவாரு. மொதல்ல காப்பியக் குடிங்க, ஆறிப்போவுது" என்பாள்.

சபையில் ஆள் எண்ணுகிற வேலை பொன்னுரங்கத்துடையது. ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து தலையை எண்ணினால் பாவமாம். அதனால் வெளியே போய்ச் செருப்பை எண்ணுவார். ஜோடிக்கு ஓர் ஆள். இப்படியும் ஒரு கணக்குப்பிள்ளை!

குருத்தோலை ஞாயிறன்று கடலூர்த் தலைவர் கோவிந்தசாமி நேரில் வந்து இறங்கினார். வாசலில் வரிசை வரிசையாகச் செருப்பு.

"அடேங்கப்பா! அறுபதுக்குக் கொறையாது போலயே பாஸ்டர்!"

கலைமணிக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடிப் பார்த்தால் அதே முப்பத்தொரு பேர். பொன்னுரங்கம் மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு நடக்கும்போது கலைமணி அவரை ஓரமாக இழுத்தார்.

"கோச்சிக்காதீங்க பாஸ்டர். சேத்தியாத்தோப்புல நம்ம மச்சான் செருப்புக் கடையில விக்காம கெடந்த சரக்கு. சபைய மூடிட்டா நாம எங்க போறது?"

திட்டவும் வாய் வரவில்லை. பாவம், ஆசையில் செய்தது.

பிரசங்கம் முடிந்தது. கோவிந்தசாமி எழுந்தார். "வெளிய அறுபது, உள்ள முப்பத்தொண்ணு. இந்த ஊர்ல ஆளுக்கு நாலு காலா?"

ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம்தான். கலைமணி மைக்கைப் பிடித்தார். "முப்பத்தொண்ணுதாங்க ஐயா. மீதிச் செருப்புக்கு ஆள் இல்ல."

ஒலிபெருக்கி அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஐயா, ஆளில்லாத செருப்புன்னா நாங்க போட்டுக்கலாமா?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பஸ் நிறுத்தத்தில் மீன் கூடைகளோடு பதினாலு பெண்கள். ஒருத்தி காலிலும் செருப்பில்லை. கேட்டவள் பெயர் அமிர்தம்.

"தாராளமா எடுத்துக்கங்கம்மா. பஸ் வர்ற நேரமாச்சு பாருங்க" என்றார் கலைமணி.

"பஸ்ஸா? அது போயி ஒரு மணி நேரமாச்சு! எட்டு மாசமா ஞாயித்துக்கெழம பஸ்ஸ விட்டுட்டு ஒங்க பேச்சத்தான கேட்டுட்டு நிக்கிறோம். எம் மவ பிரசவத்துல ஒங்க ஜெபத்தத்தான் நான் சொல்லிட்டிருந்தேன். ரெண்டு உசுரும் நல்லாருக்கு."

கோவிந்தசாமி விரல் விட்டு எண்ணினார். "நாப்பத்தஞ்சு ஆச்சு. கடலூர்ல நான் பேசிக்கிறேன், பாஸ்டர். நீங்க இங்கியே இருங்க."

கொட்டகையே "அல்லேலூயா!" என்றது. பொன்னுரங்கம் அழுதேவிட்டார். கலைமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கே ஓடினார்.

"எட்டு மாசமா வெயில்ல நின்னீங்களே, ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்திருக்கலாமே தாயி!"

அமிர்தம் தயங்கினாள். "நாங்க மொதநாளு உள்ள வரத்தான் வாசல்ல வந்து நின்னோம். நீங்கதான, 'சபைக்கு ஜனங்க வர்ற வழி, மறைக்காம தள்ளி நில்லுங்க'ன்னு சொன்னீங்க."

கலைமணிக்கு ஐயோ என்றிருந்தது. "தப்பு பண்ணிட்டேன்மா" என்றார். மீன் வாடை அடிக்க அடிக்க அவள் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, உள்ளே முன்வரிசைப் பாய்க்கு அவர்களைக் கூட்டிப்போனார்.