மோதிர விரல்

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு தவறு செய்தேன். வலது கையைச் சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊற வைக்காமல், உலர்ந்த நகத்தை அப்படியே வெட்டிவிட்டேன். கட்டை விரலில் தொடங்கினேன். நுனி பிசிறியது. அரம் போடவில்லை. இடது கையைத் தொடவில்லை.

பயிற்சி நோட்டில் இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘வாடிக்கையாளர்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சின்னவள் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முந்தைய பக்கங்களில் எல்லாம் அந்தக் கட்டத்தில் ‘அக்கா’ என்று இருந்தது.

பகல் ஒரு மணிக்கு அவளுடைய கருவிப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தது அக்காவின் மாமியார்தான்.

“நீதான் இதுக்குப் படிக்கிறியே பாப்பா. அவ கையைக் கொஞ்சம் பாத்து விட்டுடு. நாலு பேரு வந்து பாக்கற நேரம். நகமெல்லாம் ஒரே அழுக்கு. நான் சுடுதண்ணி வச்சுக் கொண்டாறேன்.”

அக்கா கூடத்துக் கட்டிலில், கழுத்து வரை இழுத்துவிட்ட வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தாள். நெற்றியில் பெரிய பிளாஸ்திரி. விடியற்காலையில் மாடித் தொட்டியைப் பார்க்கப் போனவள் படியில் உருண்டுவிட்டாள் என்று அத்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தைகள், அதே வரிசை. தெரிந்த டாக்டர் ஒருவர் வந்து, கண்ணிமையைத் தூக்கிப் பார்த்து, தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. வண்டி அதற்குள் வந்து வாசலில் நின்றது.

வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். “அப்பாவுக்குச் சேர்த்துத்தான் பஸ்ஸுக்கு ஹாரன் வச்சிருக்கான்” என்று அக்கா கேலி செய்வாள். வந்ததிலிருந்து அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“எத்தனை படி மாப்ளே?”

“பதினாலு, மாமா.”

அதன் பிறகு அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் போர்வையை விலக்கி அக்காவின் வலது கையை வெளியே எடுத்தாள். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பலம் வேண்டியிருந்தது. ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரம் முறிந்திருந்தது. நடுவிரலில் பாலிஷ் பாளமாகப் பெயர்ந்திருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்: திங்கட்கிழமை அரம் போட்டபோது மெலிதாகத் தேய்த்துவிட்டேனோ? மூன்று நாள்கூடத் தாங்கவில்லையே.

அக்கா மோதிரக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்கு மோதிரத்தைத் தன் விரலில் போட்டுக் காட்ட வேண்டும். “மூஞ்சிக்கு வயசானா ஆவட்டும்டி. கைக்கு ஆகக் கூடாது. கடையில என் மூஞ்சியை யாரு பாக்கறா?” என்பாள். வெயிலில் இறங்கும்முன் புறங்கைக்குக் க்ரீம். பாத்திரம் தேய்க்க மஞ்சள் ரப்பர் உறை. படுக்கும்போது விளக்கெண்ணெய் தடவி, மேலே பருத்தி உறை. முப்பத்தாறு வயதில் இருபது வயதுக் கை வைத்திருந்தாள்.

அத்தானுக்குப் பேட்டரிக் கடை. ஆசிட் தின்ற விரல்கள். “எவனெவனோ புடிச்சுப் பாக்கறதுக்கா இதை இப்பிடி வளக்கற?” என்று கேட்டு ஒருநாள் ரப்பர் உறைகளின் பத்து நுனிகளையும் கத்தரித்து, தொட்டிமேடை மீது வரிசையாக வைத்துவிட்டார். அக்கா அந்த உறைகளையே மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. காத்தோட்டமா” என்று சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள்.

செப்டம்பரில் அக்காவின் வலது மோதிர விரலில், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. “காத்துக்குக் கதவு சாத்திக்கிச்சுடி” என்றாள். சின்னவள் நம்பினாள். நகம் அடியிலிருந்து நுனிக்கு வளர்ந்து வர ஆறு மாதம் ஆகும் என்று அழகுக்கலை மாலை வகுப்பில் அப்போதுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சரிபார்க்க நல்ல வாய்ப்பு என்றுகூட நினைத்தாள். மாதம் ஒரு தடவை அந்த விரலை நோட்டில் வரைந்து, கறுப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தாள். அக்டோபர், மூன்று மில்லிமீட்டர். நவம்பர், ஆறு. டிசம்பரில் அக்காவின் மணிக்கட்டில் நீலமாக ஒரு வளையம் இருந்தது. அதை அவள் எழுதவில்லை. அது பாடத்தில் இல்லை.

கடந்த திங்கட்கிழமை கறுப்பு நுனிக்கு வந்து சேர்ந்தது. அந்த நகத்தை மட்டும் ஒட்ட வெட்டினாள். மற்றவை நீளமாக இருக்க, அது ஒன்று மொட்டையாக நின்றது. அக்கா வெட்டிய துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

“ஒழிஞ்சுதுடி இந்தக் கறுப்பு. இது போறதுக்குள்ள…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சின்னவள் கேட்கவும் இல்லை. துண்டைக் காகிதத்தில் மடித்து, விரலும் தேதியும் எழுதி, நோட்டில் பின் குத்தினாள். வெட்டிய நகத்தை விரல் வாரியாகப் பொட்டலம் கட்ட வேண்டும் என்பது வகுப்பின் விதி. டீச்சர் பூதக்கண்ணாடியில் பார்த்து மார்க் போடுவார். அவருக்குப் ‘பத்து நிமிஷம்’ என்று பட்டப்பெயர். ஊற வைக்காமல் ஒரு நகத்தைத் தொட்டாலும் வகுப்பே அதிரக் கத்துவார்.

இப்போது சுடுதண்ணீர் இன்னும் வரவில்லை. சும்மா இருக்க முடியவில்லை. நகவெட்டியை அக்காவின் கட்டை விரலில் வைத்து அழுத்தினாள். டிக். கூடம் முழுக்கக் கேட்டதுபோல இருந்தது. அப்பா திரும்பிப் பார்த்தார். பழக்கத்தில் துண்டை மடித்து, ‘வலது கட்டை’ என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் ஊற வைக்கவில்லை என்பது உறைத்தது.

ஆள்காட்டி விரல். அழுக்கை எடுக்க மரக்குச்சியை நகத்தடியில் நுழைத்தவள் நிறுத்தினாள். அது அழுக்கு இல்லை. காய்ந்த பழுப்பு. அதற்குள் சுருண்டு ஒரு தோல், வெங்காயச் சருகு போல. தோலில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டை முடி.

சமையலறையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடம் ஊறினால் நகத்தடியில் இருப்பதெல்லாம் நெகிழ்ந்து கழன்று வந்துவிடும். அதற்காகத்தான் ஊற வைப்பது.

ஆள்காட்டி. நடு. சுண்டு. சதையை ஒட்டி, வேகமாக வெட்டினாள். மோதிர விரலில் வெட்ட ஒன்றும் இல்லை. அவசரத்திலும் ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் விரல் பெயரை எழுதினாள். நான்கையும் சட்டைப் பைக்குள் போட்டாள்.

அதைப் பார்த்துக்கொண்டே மாமியார் பேசினோடு வந்தாள். “வெட்டினது போதும். நவுரு, அந்தக் கையைக் குடு” என்று குனிந்து அக்காவின் இடது கையை இழுத்தாள்.

“வேண்டாம் அத்தை.”

“என்ன வேண்டாம்? சோப்புப் போட்டு நல்லாத் தேய்க்கணும்.”

“வேண்டாங்கறேன்ல!”

சின்னவள் பேசினைத் தள்ளினாள். சுடுதண்ணீர் அவள் முழங்காலில் கொட்டித் தரையில் ஓடியது. பேசின் சுவரில் மோதி உருண்டது. மாமியார் போட்ட அலறலில் அத்தான் உள்ளே வந்தார்.

“என்னம்மா சத்தம்?”

“உன் மச்சினிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்குடா. நகத்தை வெட்டி வெட்டிப் பையில போட்டுக்கறா.”

அத்தான் சின்னவளைப் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தார். கையை விட்டுப் பார்வை நகரச் சற்று நேரம் ஆனது.

“எடு.”

“என்ன அத்தான்?”

“பையில இருக்கறதை எடுன்னேன்.”

“நகம்தான் அத்தான். வகுப்புக்கு வேணும்.”

“செத்தவ நகம் எதுக்குடி உனக்கு?”

அவர் அவளை அதுவரை ‘டி’ போட்டதில்லை. அவள் கையைப் பைக்குள் விட்டுப் பொட்டலங்களை இறுக்கிப் பிடித்தாள். அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி வெளியே இழுத்தார். மூடிய விரல்களைச் சுண்டு விரலில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரல் பின்னால் வளைந்தது. உள்ளே ஏதோ சொடுக்கியது. அவள் விரலை விட்டாள், பொட்டலத்தை விடவில்லை. அவர் அறைந்தார். அவள் தலை கட்டில் காலில் இடித்தது. கட்டில் அதிர்ந்து, அக்காவின் வலது கை ஓரத்தில் சரிந்து தொங்கியது.

இழுபறியில் அத்தானின் முழுக்கைச் சட்டைப் பொத்தான் தெறித்திருந்தது. இடது கையில் துணி முழங்கை வரை ஏறிக் கிடந்தது. அந்தக் கையில் பக்கத்தில் பக்கத்தில் ஆழமாக இரண்டு கோடுகள். பிறகு ஒரு விரல் இடைவெளி. பிறகு மெல்லிதாக ஒரு கோடு.

சின்னவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். அதன் அளவு அவளுக்குத் தெரியும்.

“கையில என்ன அத்தான்?”

“ஆசிட்.”

“ஆசிட்டுக்கு ஒரு விரல் குறையுதே அத்தான்.”

அவருக்குப் புரியவில்லை. அப்பா எப்போது எழுந்து வந்து நின்றார் என்று அவள் கவனிக்கவில்லை. அவர் மருமகனின் கையைப் பார்த்தார். தொங்கிய கையைப் பார்த்தார். கிட்டே வந்து அதைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தார். பிறகு வாசலுக்குப் போனார்.

போய்விட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அத்தான் காலைத் தூக்கி அவள் விலாவில் உதைத்தார். இரண்டாவது முறை தூக்கியபோது வெளியே ஹாரன் அலறியது.

அது நிற்கவில்லை. பஸ்ஸை மறிக்கிறவனைத் திட்டுவதுபோல விட்டு விட்டு அடிக்கும் ஹாரன் இல்லை. ஒரே மூச்சாக நீண்டது. அத்தான் ஓடினார். சின்னவள் சுவரைப் பிடித்து எழுந்து, ஒரு கையால் விலாவையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள்.

எடுத்துப் போக வந்திருந்த வண்டியின் டிரைவர் சீட்டில் அப்பா உட்கார்ந்திருந்தார். கதவுகளைப் பூட்டியிருந்தார். வண்டியில் தொங்கிய சாவி அவர் சட்டைப் பையில். வலது உள்ளங்கை ஹாரன் மீது, முழு எடையோடு. கண் நேரே சாலையில்.

“யோவ் பெரியவரே, எறங்குய்யா! என் வண்டிய்யா இது!” என்று டிரைவர் ஒரு பக்கம் தட்டினான்.

“மாமா, அசிங்கம் பண்ணாதீங்க. எறங்குங்க” என்றார் அத்தான். பிறகு, “எறங்குடா கெழவா!” என்று ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியில் அடித்தார். இரண்டாவது அடியில் கண்ணாடி உதிர்ந்தது. மூன்றாவது அடி அப்பாவின் புருவத்தில் விழுந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. அவர் இடது கையால் துடைத்துக்கொண்டார். வலது கையை எடுக்கவில்லை.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் போலீசுக்குப் போன் செய்தாள். என்ன புகார் என்று கேட்டதற்கு, “ஒரு ஹாரன் நிக்கவே மாட்டேங்குதுங்க” என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் சின்னவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு முதலில் அத்தானின் கையைப் பார்த்தார். ஜீப்பில் ஏற்றச் சொன்னார். அப்போதும் அத்தான், அக்கா படியில் உருண்ட கதையை முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் நான்கு பொட்டலங்களையும் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“யாரு உன்னை வெட்டச் சொன்னா? இதையெல்லாம் தொடவே கூடாது, தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“தண்ணியில வச்சியா?”

“இல்ல மேடம். வைக்கணும். நான் வைக்கல.”

“இடது கை?”

“தொடல.”

இன்ஸ்பெக்டர் பொட்டலங்களின் மீதிருந்த எழுத்தைப் படித்தார். ஒரு கவரில் போட்டு ஒட்டினார். “நோட்டு இருக்குன்னியே, அதையும் திங்கக்கெழமை பொட்டலத்தையும் நாளைக்கு எடுத்துட்டு வா. ஒம்பது மணிக்கு.” சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். ஐந்து விரல்களும் பதிந்து சிவந்திருந்தன. “இதுக்கும் விலாவுக்கும் டாக்டர் பாத்துப் படம் எடுக்கணும். அது வரைக்கும் எதையும் தடவிக்காத.”

அக்காவைப் போலீஸ் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

மாலை ஏழு மணி. வகுப்பு நேரம். வீட்டு மேசையில் ‘வாடிக்கையாளர்’ கட்டம் இன்னும் காலியாக இருந்தது. எதிரே அப்பா, புருவத்தில் தையலோடு. டீ ஆறிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கை விட்டவர், எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். வண்டிச் சாவி.

“குடுக்கவே இல்ல பாரு. அந்தப் பையன் பொழப்பு நின்னுருக்கும்.”

“நாளைக்குக் குடுத்துரலாம்ப்பா.”

“தண்ணியில வைக்காதது தப்பாம்மா?”

“வகுப்புல தப்புதாம்ப்பா.”

அவர் தலையாட்டினார். அவள் கட்டத்தில் ‘அக்கா’ என்று எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு, தினமும் அந்த நேரத்துக்குச் செய்வதுபோல விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். அக்கா கொடுத்த புட்டி. உள்ளங்கையைக் குழித்துப் புட்டியைச் சாய்க்கப் போனவள், மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூடினாள். வலிக்காத விரல்களால் பேனாவைப் பிடித்து, பக்கத்தின் கடைசி வரிகளை எழுதினாள்.

நாளை: காலை ஒன்பது மணி, ஸ்டேஷன். இந்த நோட்டு. திங்கட்கிழமைப் பொட்டலம், பின்னோடு. வண்டிச் சாவி. படம் எடுக்கும் வரை கையில் எதுவும் தடவக் கூடாது.